வாளிகளைச் சுற்றி ஒரு நடை

“இடம் பிடிச்சிருக்கா, லோர்னா?”

“நல்லாத்தான் இருக்கு, வெர்ன்.”

முதல் நாள் ஷாப்பிங் மாலின் வாசலில், பூட்ஸில் ஒட்டிய பனிச்சேற்றைத் தட்டிக்கொண்டே நாங்கள் பேசியது இவ்வளவுதான். எங்கள் ஒஹாயோக்காரர்களுக்கு முகத்துக்கு நேரே மறுத்துப் பேச வராது. விருந்துக்குப் போன வீட்டில் கோழி வேகாமல் இருந்தாலும் இன்னொரு துண்டு கேட்டு வாங்குவோம். அன்று வாய் தவறி வந்த அந்த ‘நல்லாத்தான் இருக்கு’வுக்காக, டேட்டன் நகருக்கு வெளியே இருக்கும் இந்த மாலுக்குள் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

குளிருக்கு ஒதுங்கி உள்ளேயே காலைநடை போகும் எங்களைப் போன்றவர்களுக்காக, கடைகள் திறக்கும் முன்பே கதவைத் திறந்துவிடுவார்கள். நுழைந்ததும் நாற்றம் முகத்தில் அப்பும். நேற்று வறுத்த எண்ணெய், லவங்கப்பட்டைப் பாகு, நனைந்து காயாத கம்பளம், அத்தனைக்கும் மேலே மெழுகுவத்திக் கடையின் போலி ரோஜா. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் போகாது. வற்றிப்போன நீரூற்றுத் தொட்டியில், பச்சை பிடித்த காசுகளோடு முடிக்கற்றையும் யாரோ சுருட்டி எறிந்த டயப்பரும் கிடக்கும். கூரை ஒழுகும் இடங்களில் எல்லாம் வாளிகள், அவற்றில் மஞ்சள் தண்ணீர். பாதிக் கடைகளுக்கு இரும்பு வலை இறங்கிவிட்டது. வலைக்குப் பின்னால் தலையில்லாத பொம்மைகள் அம்மணமாக நிற்கும்.

வெர்ன் மனைவியை இழந்தவர். நான் கணவரை. அந்த வாளிகளைச் சுற்றி நடக்கும்போது அவர் தன் தக்காளிச் செடிகளைப் பற்றியும் மகளைப் பற்றியும் பேசுவார். அந்தப் பேச்சுக்காகக் குமட்டலை அடக்கிக்கொண்டு நடந்தேன். அவரை என் சமையலறை மேசையில் உட்காரவைத்து முட்டை பொரித்துப் போட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

எதிர்ப்பக்கமாக நடந்து வரும் டோலரிஸ், நகைக்கடையைத் தாண்டும்போதெல்லாம் கத்துவாள்: “இன்னும் மோதிரம் வாங்கலையா வெர்ன்? கடையையே மூடிட்டுப் போயிட்டான்!”

“தள்ளுபடிக்குக் காத்திருந்தேன்!” என்பார் வெர்ன். நான் வாளியைப் பார்ப்பேன்.

இந்த மாதத்தோடு மால் முழுவதையும் மூடுகிறார்கள் என்று நேற்றுத் தெரிந்தது. ஒழிந்தது சனியன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான், வெர்னை இனி எங்கே பார்ப்பேன் என்று தோன்றியது.

இன்று காலை அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். காசு போட்டால் முதுகைப் பிசைந்துவிடும் நாற்காலியை எனக்காகக் கைக்குட்டையால் துடைத்தார். யார் யாருடைய வேர்வையோ ஊறி விரிசல் விட்ட ரெக்ஸின் அது. உட்கார்ந்தேன், வழக்கம்போல.

“கவலையே படாதீங்க. வேற மால் பாத்துட்டேன். ஹைவேல அரை மணிதான். கம்பளம் புதுசு. இந்த நாற்காலிகூட அங்க இருக்கு!”

“அவ்வளவு தூரமா?”

“அதுக்கென்ன, நான் ஓட்டறேன். உங்களுக்கு மால்னா உசிருன்னு எனக்குத் தெரியாதா? நல்லா இருக்கும்ல?”

‘நல்லாத்தான் இருக்கும்’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது கூரையிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு மஞ்சள் சொட்டு என் மணிக்கட்டில் விழுந்து ஸ்வெட்டருக்குள் வழிந்தது.

“சகிக்கல, வெர்ன்.”

“என்னது?”

“இந்த இடம். முதல் நாள்லேருந்தே சகிக்கல. அந்தப் புது மாலும் வேண்டாம்.”

நான் எழுந்துகொண்டேன்.

“நாளைக்குக் காலைல என் வீட்டுக்கு வாங்க, வெர்ன். முட்டை பொரிச்சுத் தரேன்.”