கண்டாவளையில் மட்டும் இருமும் லொறி

தில்லைநாதனின் லொறிக்கு வந்தது ஊர் உலகத்தில் இல்லாத வருத்தம். பரந்தனில் மெக்கானிக் கிருசாந்தனுடைய கராச்சில் நின்றால் ஆறு சிலிண்டரும் அடக்கமாக ஓடும். கண்டாவளையில், வீட்டு முற்றத்தில் ஓர் இரவு கிடந்தால் போதும், காலையில் நாலாவது சிலிண்டர் வேலைக்கு வரமாட்டேன் என்று படுத்துவிடும். லொறி நெல் மூட்டைகளோடு இருமி, நடுங்கி, திரும்பவும் கராச் வாசலில் வந்து நிற்கும்.

வேறு யாருடைய லொறியாக இருந்தாலும் கிருசாந்தன் கையைக் கழுவியிருப்பான். ஆனால் பாழாய்ப்போன இந்த மனுசனுக்கு வினோஜா என்றொரு மகள் இருந்தாள். பெண் கேட்டுப் போனபோது தில்லைநாதன் சொன்னது ஒன்றுதான்.

"முதல்ல என்ரை எஞ்சினைத் திருத்து, தம்பி. பிறகு கலியாணம் கதைப்பம்."

வினோஜாவுக்கு முழுச் சம்மதம். அதனால் அவளும் போன் எடுத்தால் முதலில் சிலிண்டரின் சுகத்தைத்தான் விசாரித்தாள். காதலிக்கிற பெண் கேட்கிற கேள்வியா அது?

கிருசாந்தன் பில்டரை மாற்றினான். நாலாவதுக்கு டீசல் அடிக்கிற நொசிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் போட்டான். அங்கே அது அருமையாக ஓடியது. அதற்குப் பதிலாக நாலாவதுக்கு வந்த நல்ல நொசில்தான் மறுநாள் செத்துப்போனது. அப்படியென்றால் பிழை நொசிலில் இல்லை, அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது. அடுத்த நாள் விடியும்போதே கண்டாவளைக்குப் போய் இறங்கினான்.

இருக்கைகளுக்கு நடுவே இருந்த எஞ்சின் மூடியைத் திறந்து, சாரதி இருக்கிற முன் கூட்டையும் சரித்து, எஞ்சினை ஓடவிட்டான். ஒவ்வொரு நொசிலுக்கும் போகிற வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். உயிருள்ள சிலிண்டர் என்றால் வயரைக் கழற்றியதும் சத்தம் தொய்யவேண்டும். முதல் மூன்றும் ஒழுங்காகத் தொய்ந்தன. நாலாவதைக் கழற்றினான், எஞ்சின் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு வயர் முனையைத் திருப்பினான். உள்ளே மஞ்சளாக ஈரக்களி. மணந்து பார்த்தான், சந்தனம். நாக்கில் வைத்தும் பார்த்தான், உப்புக் கரித்தது.

அந்த நேரம் பார்த்து வினோஜாவின் தாய் நாகேஸ்வரி தோய்ந்து முழுகி, செம்பும் சந்தனக் கிண்ணமுமாக வந்தார். லொறிக்கு நாவூறு பட்டுவிட்டதாம். ஒவ்வொரு விடியலும் உப்பு மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சந்தனப் பொட்டு வைக்கிறாராம். மூடியைத் திறந்தால் கைக்கு எட்டுவது நாலாவது சிலிண்டர்தானே, எல்லா அருளும் அதற்கே போய் வயரின் மின்சாரத்தைத் தடுத்தது. வருத்தம் கூடக் கூடத் தண்ணீரையும் கூட்டினாராம். கராச்சுக்கு வருவதற்குள் அது சூட்டில் காய்ந்து தூசியாகிவிடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதிவிட்டுத்தான், எஞ்சினைத் திருத்திவிட்டேன் என்று கிருசாந்தன் இவ்வளவு நாளும் நம்பியிருந்தான், மடையன்.

தில்லைநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, என்ன பிழை என்று கேட்டார். நாகேஸ்வரி செம்போடு பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் மாமி கை விட்டுப் போய்விடுவா. சொல்லாவிட்டால் வேலை தெரியாதவன் என்ற பெயர். கிருசாந்தன் வயர் முனையைத் துணியால் துடைத்தான்.

"நாவூறுதான், ஐயா. முன்பக்கத்தைப் பாத்துத்தானே சனம் கண் வைக்குது. அன்ரி இனிப் பொட்டையும் தண்ணியையும் முன் பம்பருக்குச் செய்தாக் காணும். எஞ்சினை நான் பாக்கிறன்."

நாகேஸ்வரிக்குப் பெரிய சந்தோசம். விசயம் விளங்கின ஒரு மெக்கானிக்காவது கிடைத்தானே என்று சொல்லிக்கொண்டு, அவனுக்கு இடியப்பம் அவிக்கக் குசினிக்குப் போனார்.

தில்லைநாதன் அவனை லொறியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உந்தச் சந்தனத்தை நான் முதல் நாளே கண்டனான்."

 பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கிருசாந்தன் கேட்டான்.

"ஆர் அவாக்குச் சொல்லுறது? நீ கண்டுபிடிச்சுச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீயும் சொல்லேல்லையே."

"நானும் இந்த வீட்டிலதானே சாப்பிடவேணும், மாமா."

தில்லைநாதன் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, கிறீஸ் கையென்றும் பாராமல் பிடித்துக் குலுக்கினார்.

"அப்ப நீ என்ரை மருமோன்தான்."