இரவல் மலை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. மெரேயானா அத்தையோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது தோலோடு தோலாக வாளியில் விழுந்தது. மாவோரிக் குலத்தார் கூடுகிற முற்றத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சமையல்கூடத்தில் அன்றைக்கு நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. கிழங்கு நாலு மூட்டை, கதை ஒன்றே ஒன்று.

இந்த ஊர் மருந்துக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் யாருக்கு என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியும், யாருக்கு என்ன கதை என்று அத்தைக்குத் தெரியும்.

"இதை எழுதிக்கட்டுமா அத்தை?"

"எந்த மொழியில?"

"தமிழ்ல."

"அப்ப தாராளமா எழுது. டெஸ் படிச்சுட்டு வந்து கத்த மாட்டான். ஆனா பேரை மாத்திடு. மலைப் பேரைப் போடவே கூடாது, சொல்லிட்டேன்."

ஆகவே பெயர்கள் எல்லாம் பொய். மலைகளுக்குப் பெயரே இல்லை. டெஸ்தான் கதாநாயகன், அவனுடைய மலை [மலை 1]. இன்னொன்று [மலை 2]. கதைக்கு இரண்டு மலை போதும். பிரச்சினை வர ஒன்று போதாது.

2

எப்படி ஆரம்பிப்பது?

"பசிபிக் கடலின் தென்கோடியில், பச்சைப் புல்வெளிகள் விரிந்து கிடக்கும் ஓர் அழகிய—"

சுற்றுலாக் கம்பெனிக்காரன் எழுதுவான் இதை. அடுத்தது.

"நூற்றைம்பது ஆண்டுக்கால அடக்குமுறையின் சாட்சியாக டெஸ்மண்ட் நின்றான்."

நிற்கவில்லை. அவன் பால் டேங்கர் ஓட்டுகிறவன், உட்கார்ந்துதான் ஓட்டமுடியும்.

"டெஸ்ஸுக்கு நாற்பத்தாறு வயது. அவனுடைய சொந்த மொழியில் அவனுக்குத் தெரிந்தது பதினோரு மீன்களின் பெயர், ஒரு ஜெபம், அவன் அப்பாவின் ஒரு வசவு."

ஆங், இது இருக்கட்டும்.

அவன் அப்பா பள்ளிக்கூடத்தில் மாவோரியில் வாயைத் திறந்ததற்காக உள்ளங்கையில் வார்ப்பட்டையால் அடி வாங்கியவர். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, வாத்தியார் மாற்றலாகிப் போகும்வரை. 'என் பிள்ளை கையில இந்தத் தழும்பு விழக்கூடாது' என்று வீட்டில் ஆங்கிலம் தவிர வேறெதையும் அவர் பேசவில்லை. தினமும் விடிகாலையில் பின்வாசலில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸை மாட்டும்போது மட்டும், எதிரே தெரியும் [மலை 1]ஐப் பார்த்து ஒரே ஒரு வாக்கியத்தை உறுமுவார். மலைமேல் மேகம் உட்கார்ந்தால் அறுத்துப்போட்ட புல் நனையும், அதனால் திட்டுகிறார் என்று டெஸ் நினைத்துக்கொண்டான். அர்த்தம் கேட்கவில்லை. வசவுக்கு யார் அர்த்தம் கேட்பார்கள்? அப்பாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்.

3

டெஸ்ஸின் மகள் தெரினாவுக்கு ஐந்து வயது முடிந்தது. அவளை மாவோரி மொழிப்பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் கிடையாது. புதுக் குடும்பங்களை வரவேற்கும் நாளில் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் முற்றத்தில் எழுந்து நின்று மாவோரியில் பேசவேண்டும். ஆளில்லை என்றால் அடுத்த வருஷம் வரலாம். அதுவரைக்கும் தெரு முனையில் இங்கிலீஷ் பள்ளி இருக்கிறது.

பேச வேண்டியவன், பெரியவனானதும் மொழி கற்றுக்கொண்ட டெஸ்ஸின் அண்ணன். அவன் சம்பளம் பெரிசு என்று ஆஸ்திரேலியச் சுரங்கத்துக்கு விமானம் ஏறிவிட்டான். மிஞ்சியது டெஸ்.

"அடுத்த வருஷம்னா அடுத்த வருஷம்தானே, விடேன்" என்றார் மெரேயானா அத்தை. டெஸ்ஸுடைய அப்பாவின் கூடப்பிறந்த தங்கை.

"இல்ல அத்தை. அந்த இங்கிலீஷ் பள்ளியில ஒரு வருஷம் போதும். அப்பா, நான், அப்புறம் அவ. மூணு தலைமுறை ஊமையாப் போயிடும்."

செவ்வாய்க்கிழமை தோறும் வகுப்புக்குப் போனான். அங்கே ஒரு வேடிக்கை. முன்வரிசை முழுக்க ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். கையில் வண்ணப் பென்சில், மடியில் அகராதி. ஜெஃப்ரி என்று ஒருவர், நில அளவைத் துறையில் இருந்தவர், தப்பையும் தப்பில்லாத மாதிரி உரக்கச் சொல்லுவார். சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிப்பார். டெஸ்ஸும் அவன் சொந்தக்காரர்களும் கடைசி வரிசையில், தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு.

[இந்த இடத்தில் இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை இருந்தது. காலனியம், கல்வி, அவமானம் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தேன். "யாரைத் தூங்கவைக்கப் போறே?" என்றார் அத்தை. கிழித்துவிட்டேன். ஒரு வரியை மட்டும் ஒளித்துவைத்திருக்கிறேன்: ஜெஃப்ரிக்கு மொழி தெரியாவிட்டால் அவர் ஒரு மாணவர், டெஸ்ஸுக்குத் தெரியாவிட்டால் அவன் என்ன?]

இங்கே ஒருவர் தன்னைச் சொல்வதென்றால் பெயர் கடைசியில்தான் வரும். முதலில் மலை, அப்புறம் ஆறு, அப்புறம் குலம். ஆசிரியை ஙாயோ அதற்கொரு மாதிரித் தாள் கொடுத்தாள். வடக்கேயிருந்து வந்தவள் அவள். தன் மலையான [மலை 2], தன் ஆறு, தன் குலம் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். "இது என்னோடது. நீங்க உங்க மலையைப் போட்டுக்கோங்க" என்று வாயால் சொன்னாள், மாவோரியில். முன்வரிசைக்குப் புரிந்தது. கடைசி வரிசை தலையாட்டியது.

ஜெஃப்ரி கையைத் தூக்கி, "எனக்கு இங்கே மலை கிடையாதே, நான் என்ன செய்ய?" என்று மாவோரியிலேயே பத்து நிமிஷம் விசாரித்தார். பிடித்த மலையைப் 'பார்த்து வளர்ந்தேன்' என்று சொல்லலாம், 'என் மலை' என்று சொல்லக்கூடாது என்று தெளிவுபடுத்திக்கொண்டார். டெஸ் கேட்கவில்லை. வந்தவர் கேட்கலாம். வீட்டுக்காரன் தன் வீட்டு வழியை எப்படிக் கேட்பான்?

4

(அடிக்குறிப்பு. அடிவரைக்கும் போகச் சோம்பல், இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஙாயோ என்பது ஒரு மரத்தின் பெயர். நம் அரிச்சுவடியில் ங வரிசை முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்ததே, அதற்குக் கடைசியில் இந்த ஊரில் உத்தியோகம் கிடைத்தது. எனக்கும் அப்படித்தான்.)

5

ஆறு மாதம். டேங்கரில் தாளை ஒட்டிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பண்ணையிலும் பால் ஏறுகிற நேரத்தில் மாடுகளிடம் ஒப்பித்தான். கடைசிப் பெயரை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் வரவேற்பு மந்திரம் போல என்று நம்பி, எழுத்துக்கு எழுத்து மனப்பாடம்.

முற்றத்தில் பேசுவது ஆண்கள். இந்தப் பக்கத்துக் குலங்களில் வழக்கம் அப்படி. பேச்சு முடிந்ததும் அவர்கள் பக்கத்துப் பெண்கள் எழுந்து பாடவேண்டும். பாட்டு எழுந்தால் பேச்சு முடிந்தது. ஆனால் பேச்சு முடிந்த பிறகுதான் பாட்டு எழவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அளந்துகொண்டே போகிறவனைப் பாட்டால் உட்காரவைக்கலாம். மெரேயானா அத்தை மூன்று நாடாளுமன்ற வேட்பாளர்களையும் ஒரு பிஷப்பையும் அப்படி உட்காரவைத்தவர்.

அன்று வானம் பளிச்சென்று இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு டெஸ் நடுவில் போய் நின்றான். கணீரென்று ஆரம்பித்தான்.

"என் மலை [மலை 2]!"

அவன் முதுகுக்குப் பின்னால், மேகம் ஒரு பொட்டு இல்லாமல், தலையிலிருந்து கால்வரை [மலை 1] நின்றுகொண்டிருந்தது. பெற்ற அப்பனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரைக் காட்டி 'இவர்தான் என் அப்பா' என்றால் எப்படி இருக்கும்?

எதிர் வரிசைப் பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஙாயோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது வரி, அவளுடைய ஆறு. மூன்றாவது, அவளுடைய குலம். பின் பெஞ்சில் யாரோ, "இவன் எப்படா அந்த வீட்டு மாப்பிள்ளை ஆனான்?" என்று கிசுகிசுக்க, அடக்கின சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

டெஸ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரினா அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அத்தை எழுந்தார். பாட மூச்சை இழுத்தார்.

6

இங்கே மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அத்தை பாடுகிறார், டெஸ் உட்காருகிறான், பள்ளி மன்னித்து இடம் தருகிறது. டெஸ் அதற்குப் பிறகு எந்த வகுப்புக்கும் போவதில்லை.

"நடந்திருக்கும். அதுக்குத்தான் பயந்தேன்" என்றார் அத்தை.

முடிவு ஆ: ஐந்து வயதுத் தெரினா முன்னால் வந்து, மழலையில் சரியான மலையைச் சொல்ல, முற்றமே கண்ணீர் வடிக்கிறது.

"ஏண்டி மங்கை, விளம்பரப் படமா எடுக்கறே? அந்தக் குட்டி அப்ப மூக்கை நோண்டிக்கிட்டு இருந்தா."

முடிவு இ: ஜெஃப்ரி எழுந்து அழகான மாவோரியில் டெஸ்ஸைக் காப்பாற்றுகிறார்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் அந்தத் தாளை மடித்துக் கிழங்குத் தோலோடு போட்டுவிட்டேன்.

7

நடந்தது இது.

அத்தை மூச்சை இழுத்த நொடியில் டெஸ் கையைத் தூக்கினான், இருங்க என்று. மெரேயானாவைக் கைகாட்டி நிறுத்தியவன் அந்த முற்றத்தில் அதுவரை பிறக்கவில்லை. அவரே திகைத்துப்போய் வாயைத் திறந்தபடி நின்றார்.

நிறுத்திவிட்டானே தவிர, அடுத்து சொல்ல என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டால் விதி உடையும், மகளுக்கு இடம் போகும். மாவோரியில் அவனிடம் பதினோரு மீன், ஒரு ஜெபம். எதிர் வரிசைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். அது பெரிய மரியாதைக்கேடு. மலையைப் பார்த்தான். அவனிடம் மிச்சம் இருந்த ஒரே வாக்கியம் அப்பாவின் வசவு. அப்பா மாதிரியே உறுமிச் சொன்னான்.

"எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. எங்க அண்ணன் குரல்டி அது" என்றார் அத்தை, கிழங்கைச் சீவுவதை நிறுத்தாமல். "பைத்தியக்காரன், நாற்பது வருஷமா அதை வசவுன்னு நினைச்சிருக்கான். எங்க வீட்டுல எல்லாரும் காலையில மலையைப் பார்த்துச் சொல்றதுதான் அது. 'இன்னும் இங்கேதான் இருக்கியா?'ன்னு. எங்க அண்ணன் தன் மகன்கிட்ட அந்த மொழியில பேசலை. மலைகிட்ட ஒருநாளும் பேசாம இருந்ததில்லை."

எதிர் வரிசையில் பிரிபி தாத்தா தடியை ஊன்றி எழுந்தார். வயது எண்பத்தெட்டு, ரத்தக்கொதிப்புக்கு மூன்று மாத்திரை. மலைக்குப் பதிலாக அவர் பேசினார்.

"நான் இங்கேதான்டா இருக்கேன். நீ எங்கே போயிருந்தே?"

முற்றமே வெடித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். அத்தை பாட்டை எடுத்தார், அழுகையில் சுதி போயிற்று, யாரும் கண்டுகொள்ளவில்லை. தெரினாவுக்கு இடம் கிடைத்தது. மூக்கு உரசி வாழ்த்துச் சொல்லும் வரிசையில் ஙாயோ மட்டும், "என் மலையைத் திருப்பிக் குடுத்துட்டுப் போ" என்றாளாம்.

8

கதை முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள். தாத்தா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. முற்றத்தில் கேட்ட கேள்விக்கு முற்றத்தில்தான் பதில் சொல்லவேண்டும், மாவோரியில். அடுத்த வரவேற்புக்குள் சொல்கிறேன் என்று டெஸ் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? அவன் சார்பில் எழுதிப் பார்த்தேன்: "மலையே, நான் எங்கும் போகவில்லை. என் நாக்கைத்தான் அனுப்பிவைத்தார்கள்." நன்றாக இல்லையா? எனக்கே கண் கலங்கியது. அத்தைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கிழங்கை முழுக்கச் சீவி முடித்தார். பிறகு கேட்டார்:

"உங்க ஊர்ல மலை உண்டா?"

"ராமநாதபுரம் அத்தை. பொட்டல்காடு. கண்மாய்தான் உண்டு."

"அதானே பார்த்தேன். அந்த இடத்தை வெறுமனே விடு மங்கை. நீ நிரப்பினா உன் கண்மாயைத்தான் கொண்டுவந்து போடுவே. அவன் ஏற்கனவே ஒருதரம் அடுத்தவ எழுதிக்குடுத்ததைப் படிச்சான், போதும்."

எழுதினதை அடித்துவிட்டேன். ஆகவே டெஸ் சொல்லப்போகும் பதில்:

[                    ]

இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் பேனாவை வாசகர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். கொடுக்கப்போவதில்லை. உங்களிடம் ஒன்று இருக்கும், எனக்குத் தெரியும். மூடிச் சட்டைப்பைக்குள் வையுங்கள். இன்று செவ்வாய்க்கிழமை, டெஸ் வகுப்புக்குப் போயிருக்கிறான். இப்போது முன்வரிசையில், ஜெஃப்ரிக்குப் பக்கத்தில் உட்காருகிறான். கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறானாம்.