விளக்கு போடாமல் எடுத்த படம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே தெரியவில்லை. ஆல்வின் என்னிடம் சொன்னது ஒரு மாதிரி, அவன் மனைவி பியூலா பிறகு சொன்னது வேறு மாதிரி. பெரியவர் சுப்புராஜ் இவர்கள் வீட்டுக்கு வந்தது ஆட்டோவிலா, நடந்தா என்பதில்கூட இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆல்வின் பேசும்போது நடுநடுவே நெடுநேரம் சும்மா இருந்துவிடுவான். அந்த இடங்களை நானாக நிரப்பிக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் ஒரு வாக்கியத்தில் மட்டும் சந்தேகமில்லை. அதை இரண்டு பேருமே ஒரு சொல் மாறாமல் சொன்னார்கள்.

ஆல்வினுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் வீடு. மாடியில் ஒரு அறையை வேலைக்கு ஒதுக்கியிருந்தான். முதலில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தான். அந்தக் கூட்டமும் மைக் செட்டும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வீடுகளின் உட்புறத்தை எடுக்கிற வேலைக்கு மாறினான். ராஜபாளையத்தில் புதிது புதிதாக வீடுகளும் ஜவுளிக் கடைகளும் பல் ஆஸ்பத்திரிகளும் வந்துகொண்டிருந்தன. உள்ளே மர வேலையும் விளக்கு வேலையும் வடிவமைக்கிறவர்களுக்கு, தாங்கள் செய்ததை ஊருக்குக் காட்டப் படம் தேவைப்பட்டது. ஆள் இல்லாத அறைகள். ஜன்னல் வெளிச்சம் நகர்ந்து மேஜைக்கு வரும்வரை யாரோடும் பேசாமல் காத்திருக்கலாம். தனக்காகவே உண்டான வேலை என்று நினைத்தான்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதையும் நகர்த்துமுன் அந்த அறையைச் செல்போனில் அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்வான். காலண்டர், மருந்து டப்பா, சாமி படத்தில் காய்ந்த மாலை, கட்டில் மேல் கிடக்கும் துணி, எல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அதைப் பார்த்து ஒவ்வொன்றையும் பழைய இடத்தில் வைத்துவிடுவான். அடுத்தவர் படுக்கையறைக்குள் போகிறவனுக்கு அந்த ஒழுங்கு வேண்டும் என்பான்.

ஒரே ஒரு வீட்டில் அது பிசகியது. ராஜபாளையத்தில் சுப்புராஜின் வீடு. அவர் நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வீடு அவர் பெயரில் இருந்தது. மகன் கௌதம்ராஜ் பேண்டேஜ் துணி நெய்கிற சிறிய ஃபேக்டரி நடத்தினான். மனைவியோடு அப்பாவுடனேயே இருந்தான். அந்தப் பழைய வீட்டை ஜெபா என்கிற டிசைனர் புதுப்பித்துக் கொடுத்தாள். மேற்குச் சுவரைத் திறந்து பெரிய ஜன்னல் வைத்து, மலையை ஹாலுக்குள் கொண்டுவந்திருந்தாள். அதைப் படம் எடுக்கப் போன ஆல்வின், இடைஞ்சலாக இருந்த ஒரு பச்சை ஒயர் நாற்காலியைத் தூக்கிப் பின்பக்கம் போட்டான். திரும்ப வைக்கும்போது டிவியைப் பார்த்து வைத்துவிட்டான். அது ஜன்னலைப் பார்த்துக் கிடந்த நாற்காலி. செல்போன் படத்தில் அது பாதிதான் விழுந்திருந்தது.

சுப்புராஜ் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு கடைவீதியில் எதிர்ப்பட்டால், பக்கத்தில் நிற்பவரிடம், "நம்ம சேரத் திருப்பிப் போட்ட தம்பி" என்று சொல்லிச் சிரிப்பார். வாய்தான் சிரிக்கும்.

சில வருஷம் கழித்து ஜெபா திரும்பவும் கூப்பிட்டாள்.

"அதே வீடுதாண்ணே. ஆனா இந்தத் தடவ கௌதம்ராஜ் அண்ணன் என்ன சொல்லுதாகளோ அத மட்டும் எடுங்க. எதுக்குன்னு கேக்க வேண்டாம்."

அதை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். ஆல்வினுக்குக் கேட்பது வராது. ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பான் என்பது பியூலாவின் புகார்.

அவன் போனபோது சுப்புராஜ் வீட்டில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் வீட்டுக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். கௌதம்ராஜ் வாசலிலேயே நின்றான். அப்பாவைத் தெலுங்கில் நைனா என்றுதான் சொல்வான். நைனா வருவதற்குள் முடித்துவிட வேண்டும், அவருக்குத் தெரிய வேண்டாம் என்றான். சமையல் செய்கிற சண்முகத்தாய் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மம்சாபுரத்திலிருந்து வருகிறவள். அவளைக் கடைக்குப் போய்வரச் சொல்லி அனுப்பினான்.

பிறகு அவன் சொன்ன படங்கள்தான் ஆல்வினை உறுத்தின.

ஒரு டிசைனருக்கு எடுப்பதென்றால் ஜன்னலை எடுப்பார்கள், மர வேலையை எடுப்பார்கள், மேஜைமேல் ஒரு செம்பும் பூவும் வைத்து எடுப்பார்கள். கௌதம்ராஜ் அவற்றின் பக்கமே திரும்பவில்லை. ஒவ்வொரு அறையையும் மூலையில் நின்று முழுசாக எடுக்கச் சொன்னான். வாசல் படிகள், பின்கட்டு, கதவுகள் ஒவ்வொன்றும். கீழே அப்பாவின் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகிற வழியைப் பல தடவை. குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு கிரானைட் படி இருந்தது. அதன் மேல் டேப்பை விரித்து வைத்து, அளவு தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னான். தரையில் கிடந்த மிதியடி, ஸ்டூல், செருப்பு, அந்தப் பச்சை நாற்காலி எல்லாவற்றையும் தானே வெளியே தூக்கிப் போட்டான்.

ஆல்வினுக்கு இன்னொரு வீடு ஞாபகம் வந்தது. இந்த மாதிரி மூலைக்கு மூலை, அளவோடு, அவன் ஏற்கெனவே ஒரு வீட்டை எடுத்திருக்கிறான். கொஞ்ச நாளில் அந்த வீடு கைமாறிவிட்டது. அந்த வீட்டில் இருந்த கிழவி ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டான். அந்தத் தடவையும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக கௌதம்ராஜ் ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டான்.

"பாத்ரூம் போற இதே வழிய லைட் போடாம ஒண்ணு எடுங்க. கரண்ட் போனா எம்புட்டுத் தெரியுமோ, அம்புட்டுத்தான் தெரியணும்."

வீட்டை விற்கிறவன் இருட்டையா காட்டுவான்? இது மட்டும் பொருந்தவில்லை. ஆல்வின் அதையும் கவனித்தான். கவனித்து, ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எடுத்தான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்க்கும்போது ஒரு படத்தில் குளியலறைக் கண்ணாடிக்குள் கௌதம்ராஜ் விழுந்திருந்தான். கண்ணாடியில் ஆள் விழாமல் எடுப்பதில் ஆல்வின் கெட்டிக்காரன். அன்றைக்கு எப்படியோ தவறியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தான். கௌதம்ராஜின் ஒரு கை சுவரை அழுத்திக்கொண்டிருந்தது. முகம் கோணியிருந்தது. திருட்டு முழி என்று ஆல்வின் நினைத்தான். சுவர் எத்தனை வருஷம் தாங்கும் என்று வாங்குகிறவன் கேட்டிருப்பான், அதைத்தான் தட்டிப் பார்க்கிறான்.

பியூலா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். எதையும் சட்டென்று கேட்டுவிடுகிறவள். ஜெபாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டியதுதானே என்றாள். கேட்காதே என்று சொல்லியிருக்கிறாள் என்றான் இவன். அப்படியானால் கற்பனையும் பண்ணாதீங்க என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். படங்கள் ஜெபாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதற்கு மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோ சுப்புராஜ் வந்தார். மகள் வீட்டிலிருந்து நேரே வந்திருந்தார். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார். மேலே வந்து உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"சண்முகத்தாய் போன்ல சொன்னா. என் ரூமெல்லாம் போட்டோ எடுத்தியாமே."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் கையை நீட்டினார்.

"காட்டு."

காட்டக் கூடாது என்று தெரியும். ஆனால் வீடு அவருடையது. அவருடைய கட்டில், அவருடைய குளியலறை. ஆல்வின் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினான். அவர் தானே மவுஸைப் பிடித்துத் தள்ளினார். விரல்கள் நடுங்கின. கோபத்தில் நடுங்குகிறார் என்று ஆல்வின் எடுத்துக்கொண்டான். படங்கள் ஒவ்வொன்றாகப் போயின. வெறுந்தரை, வெறுஞ்சுவர், படியின் மேல் டேப்.

"என் சேரு எங்க?"

"வெளிய எடுத்து வச்சாங்கய்யா."

"நீயா?"

"இல்ல. உங்க மகன்."

அவர் இருட்டாக எடுத்த படத்தை அடைந்து அங்கேயே நின்றுவிட்டார். தெருவில் ஒரு பால்கோவா வண்டி போனது. பியூலா படியேறி வந்து பாதியில் நின்றதாகச் சொல்கிறாள்.

"எதுக்குத் தம்பி இது? ஒனக்குத் தெரியும். இதுதானே ஒன் தொழிலு. எதுக்கு இப்படி எடுப்பாக?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆல்வின் சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அந்தக் கிழவியை நினைத்தான். பிறகு, இருவரும் சொல் மாறாமல் என்னிடம் சொன்ன அந்த வாக்கியத்தைச் சொன்னான்:

"ஐயா, வீட்ட விக்கிறதுக்குத்தான் இப்படி எடுப்பாங்க."

சுப்புராஜ் தலையை மட்டும் ஆட்டினார். இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பியூலா அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் முழுக்கப் புருஷனிடம் பேசவில்லை.

ராஜபாளையம் திரும்பிய சுப்புராஜ் மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே கவனிக்க ஆரம்பித்தார். பத்திரத்தை எடுத்துத் தலையணை உறைக்குள் வைத்தார். தன் அறைக்குத் தனிப் பூட்டு வாங்கினார். சண்முகத்தாய் காபி கொண்டுவந்தால் கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டார். ஒருநாள் கொத்தனாரும் பிளம்பரும் வந்து அவர் குளியலறையை அளக்க வேண்டும் என்றார்கள். வாங்குகிறவன் அனுப்பிய ஆட்கள் என்று அவருக்குத் தோன்றியது. தெருவே கேட்க ஏசி விரட்டினார். மகன் ஓடிவந்து ஏதோ சொன்னான். அப்பாவும் மகனும் தெலுங்கில் நெடுநேரம் சண்டை போட்டார்கள். சண்முகத்தாய்க்கு அதில் ஒரு வார்த்தைதான் புரிந்ததாம், திருடன் என்பது. அந்த வாரமே கௌதம்ராஜ் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஃபேக்டரிப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜெபா ஆல்வினுக்குப் போன் செய்தாள். வேறு ஒரு கடையைப் படம் எடுப்பது பற்றிப் பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாகத்தான் அதைச் சொன்னாள்.

"யாரோ பெரியவர் காதுல ஓதிட்டாங்கண்ணே, வீட்ட விக்கப்போறாங்கன்னு. அவருக்கு நரம்புல வியாதி. கை நடுங்குதுல்ல, பொறவு காலும் கட்டிப்போகுமாம். இருட்டுல கீழ விழுந்துருவாரு, வீட்ட அதுக்குத் தகுந்த மாதிரி மாத்துங்கன்னு மதுர டாக்டர் சொன்னாரு. அவர் நடக்குற எடத்தயெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாரு. பாத்ரூம் படிய ஒடச்சுட்டு, செவுத்துல கம்பி வைக்கணும். சத்து மாத்திரைன்னு சொல்லித்தான் மருந்தே குடுத்துட்டு இருந்தாக. வியாதிப் பேரக் கேட்டா மனசு விட்டுருவாருன்னு அண்ணன் மறைச்சாக."

ஆல்வின் பதில் சொல்லாமல் இருந்தான். அவன் அப்படித்தான் என்பதால் ஜெபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் கம்ப்யூட்டரைத் திறந்து கண்ணாடிப் படத்தைத் திரும்பப் பார்த்தான். கை சுவரை அழுத்திய இடம், தண்ணீர்க் குழாய்க்குச் சற்று மேலே. கம்பி வைப்பதென்றால் அங்கேதான் வைப்பார்கள். முகத்தைப் பார்த்தான். அழாமல் இருக்கப் பார்க்கிற முகம்.

மறுநாள் ராஜபாளையம் போனான். பஸ்ஸில் போகும்போதே எப்படிச் சொல்வதென்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறான். சுப்புராஜ் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப்புறம் நின்றார். ஆல்வின் நிறுத்தாமல் சொல்லி முடித்தான். தான் தப்பாக நினைத்தது, டாக்டர், படி, கம்பி எல்லாம்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லுததுக்கு எம்புட்டு நேரம் முழுங்கிட்டு இருந்த. அதுல பொய் இல்ல தம்பி. இன்னைக்கு மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிக்கிற. யாரு சொல்லிக் குடுத்தா, அவனா?"

"சத்தியமா இல்லய்யா."

"என் சேரத் திருப்பிப் போட்டவன்தானே நீ. போ. நல்லா இரு."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு பூட்டுகிற சத்தம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி ராஜபாளையத்தில் கரண்ட் போனது. சுப்புராஜ் குளியலறைப் படியில் கால் தட்டி விழுந்தார். உள்ளே பூட்டியிருந்ததால், காலையில் வந்த சண்முகத்தாய் ஆள் கூப்பிட்டுக் கதவை உடைக்க வேண்டியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அவர் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நடமாட்டம் இல்லை. அந்த வீட்டுக் குளியலறையில் படியை எடுத்துவிட்டு ஜெபா கம்பிகள் வைத்துக் கொடுத்திருக்கிறாள். பச்சை நாற்காலியும் அங்கே வந்துவிட்டது. மகன் போனால் சுப்புராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கௌதம்ராஜ் வாரந்தவறாமல் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். ஆஸ்பத்திரிச் செலவுக்காக, மகள் சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கி, ராஜபாளையம் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கிய பல் டாக்டருக்கு அனுப்பியது ஆல்வின் எடுத்த படங்கள்தான், இருட்டுப் படம் ஒன்றைத் தவிர. சண்முகத்தாய் மம்சாபுரத்திலேயே ஒரு இட்லிக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். பெரியவர் காதில் ஓதியது யார் என்று ஜெபாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆல்வினுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்கிறாள். பியூலாவுக்குத் தெரியும், சொல்லிக் காட்டுவதில்லை. ஆல்வின் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.