சாணிக்கு அடியில் கோடு

பெங்களூர் ரோட்டில் நடுக்கோடு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. எழுபத்தொன்பதாம் வருஷம் அது. அதுவரை எங்களுக்கு ரோடு என்றால் ரோடு, அவ்வளவுதான். லாரி வந்தால் ஒதுங்கு, மாடு வந்தால் நில். இப்போது லைசென்ஸ் வேண்டுமென்றால் கோட்டையும் படிக்க வேண்டுமாம். விட்டு விட்டுப் போட்டிருந்தால் முன்னால் போகிற வண்டியைத் தாண்டலாம். விடாமல் போட்டிருந்தால், தலைபோகிற காரியமானாலும் தாண்டக்கூடாது.

நான் டிராக்டர் ஓட்டிப் பழகியவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில், திங்கட்கிழமை லைசென்ஸோடு வந்தால் வேன் டிரைவர் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. லைசென்ஸுக்கு வண்டி ஓட்டச் சொல்லிப் பார்க்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார்; அது அன்றுதான். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜீப்பைக் கொடுத்த கோதண்டம் பின்சீட்டில் இருந்தார்.

சுங்குவார்சத்திரம் தாண்டியதும் ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். கோடு விடாமல் போய்க்கொண்டே இருந்தது. நானும் ஊர்ந்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டினான். இன்ஸ்பெக்டர் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் ஊர் நெருங்கும்போது கோடு விட்டு விட்டு வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஹாரன் அடித்து, வலப்பக்கம் ஒடித்து, மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் வந்தேன். அங்கே கோட்டைக் காணோம்.

ரோடு முழுக்கக் கேழ்வரகுக் கதிர். அறுப்புக் காலத்தில் எங்கள் ஊரார் ரோட்டில் கதிரைப் பரப்பி, போகிற வண்டிச் சக்கரங்களாலேயே போரடித்துக்கொள்வது வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை களத்தை மெழுகுவதுபோல ரோட்டையும் யாரோ சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். பின்வாங்கலாமென்றால், மாட்டுவண்டிக்குப் பின்னால் லாரி வந்து ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் போனேன். கதிர் முடிந்த இடத்தில் கோடு மறுபடி தெரிந்தது. விடாமல் போட்ட கோடு. நான் அதற்கு வலப்பக்கம் இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஓரம் கட்டச் சொன்னார். வந்த வழியே நடந்து, பூட்ஸ் முனையால் சாணியைச் சுரண்டினார். அடியிலும் விடாத கோடுதான். சாணி மறைத்துவிட்டது என்று கெஞ்சினேன். கோடு தெரியாத இடத்தில் தாண்ட யார் சொன்னது என்றார். அடுத்த மாதம் வரச் சொல்லி எழுதினார். எங்கள் ஊர்தானே என்று என்னை அங்கேயே விட்டுவிட்டு ஜீப் போய்விட்டது.

என் மனைவி கனகம் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். கைவிரல்களில் சாணி காய்ந்திருந்தது. யார் மெழுகியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே நாலு பேர் பார்க்கத் திட்டியிருப்பேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீ வண்டி ஓட்டிக்கினு வருவேன்னு விடியறதுக்கு முன்னாடியே மெழுகி வெச்சேன். இந்த எடத்துல ரோடு மேடும் பள்ளமுமா கீது இல்ல? குலுங்காம போச்சா?"

"குலுங்கவே இல்ல," என்றேன்.

லைசென்ஸைப் பற்றி அவள் அப்புறம்தான் கேட்டாள்.