வாசலில் நெருப்பில்லாத வீடு

மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்திவிட்டு எட்வானியா இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். மேலே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அதில் பழைய துண்டைத் திணித்தாள். அறை இருண்டது. தெருவில் கத்திக்கொண்டிருந்த அக்கார்டியன் பாட்டு கொஞ்சம் அடங்கினாற்போலக் கேட்டது, அவ்வளவுதான். யோவான் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் கம்பீனா கிராந்தியில் யாரிடம் போய்ப் பாட்டை நிறுத்து என்று சொல்வது?

அவள் மேலாளன் ஒத்தாவியோவுக்கு இது தெரியாது. சாவ் பாவ்லோவில் இன்று வெறும் வேலை நாள். 'காணொளிச் சந்திப்பை ஆறு மணிக்கு வைத்துக்கொள்வோம், வாடிக்கையாளருக்கு அதுதான் தோது' என்று எழுதியிருந்தான். அவள் 'சரி' என்று பதில் போட்டாள். எங்கள் ஊரில் இன்றைக்கு ஒரு கடை திறக்காது, வீட்டுக்கு வீடு வாசலில் நெருப்பு எரியும் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். 'வடகிழக்குக்காரர்களுக்கு வருஷம் பூராவும் திருவிழாதான்' என்று ஒரு வரி வரும், பின்னாலேயே பல் இளிக்கும் மஞ்சள் பொம்மை ஒன்று வரும். அந்தப் பொம்மைக்குப் பயந்துதான் 'சரி' என்று போட்டாள்.

இந்த அறை அண்ணன் ஜெனில்சனுடையது. அவன் சாவ் பாவ்லோவுக்குப் போய் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவள் இங்கேயே உட்கார்ந்து சாவ் பாவ்லோ கம்பெனிக்கு வேலை செய்கிறாள். அவன் உடம்பு அங்கே, அவள் குரல் அங்கே. அம்மாவுக்குக் கடைசியில் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இல்லாத கணக்குத்தான்.

குரல் என்று சொல்வதும் தப்பு. இதுவரை எழுத்துதான். மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பதிந்துகொள்ளும் மென்பொருள் சிக்கிக்கொண்டால், அங்கிருந்து கேள்வி வரும், இவள் பதில் தட்டுவாள். இப்போது பெரிய மருத்துவமனைகளோடு நேரில் பேசும் இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. ஒத்தாவியோ அவள் பெயரைச் சொல்லியிருந்தான். "உன் பேச்சுல ஊர் வாடையே இல்ல எட்வானியா. கண்ண மூடிக் கேட்டா எங்க ஊர்ப் பொண்ணுதான். அதனாலதான் தைரியமா சொன்னேன்." அவள் நன்றி சொன்னாள். அன்று முழுக்க அந்த நன்றி மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

ஊர் வாடை தானாகப் போகவில்லை. பல்கலைக்கழகத்தின் முதல் நேர்முகத் தேர்விலேயே ஒருத்தி, இவள் பேசி முடிப்பதற்குள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். அதற்குப் பிறகு எட்வானியா இராப்பகலாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாவ் பாவ்லோ செய்தி வாசிப்பவர்களைப் பின்பற்றிப் பேசிப் பழகினாள். நாக்கு நுனியைப் பல்லில் வைத்து இவள் ஊரார் சொல்லும் 'தி'யை அவர்கள் 'ச்சி' என்பார்கள். தெருவில் அத்தைமார்களெல்லாம் தியா. திரையில் அவர்கள் ச்சியா. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்தி. மிதித்ததும் முதலில் கழற்றி வைக்கச் சொன்னது நாக்கைத்தான்.

வாசலில் அம்மா மரினால்வா விறகை அடுக்கி முடித்திருந்தாள். அடியில் கனமான கட்டைகள், மேலே போகப் போக மெலிசு, நடுவில் காகிதம், உலர்ந்த சோள மடல். சரியாக அவள் ஜன்னலுக்கு நேரே. ஒவ்வொரு வருஷமும் அங்கேதான்.

"அம்மா, ஏழு மணிக்கு மேல கொளுத்தேன். என் ஜன்னலுக்கு நேரா இருக்கு. புகை பூரா உள்ள வரும், எனக்கு இருமல் வந்துரும்."

"கோவில் மணி அடிக்கையில நெருப்பு வைக்கணும்டி. ஏழு மணிக்கு வச்சா அது நெருப்பா, குப்பை கொளுத்துறதா?"

"ஒரே ஒரு மணி நேரம். என் மொத்த பொழப்பும் அதுல இருக்கு."

அம்மா கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தாள். "தெரு என்ன நெனைக்கும்?"

"நெனைச்சுட்டுப் போகட்டும். தெருவா எனக்குச் சோறு போடுது?"

எதிர்வீட்டு இவொனெத்தி தன் விறகுக்குப் பக்கத்தில் நின்று, அரைத்த சோளத்தில் செய்யும் பமோன்யாவைச் சோள மடலில் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள்; பாட்டுச் சத்தத்தில் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. இவொனெத்தியும் மரினால்வாவும் சிறுமிகளாக இருந்தபோது இதே தெருவில் ஒரு யோவான் நெருப்பைக் கைகோத்து மும்முறை சுற்றி வந்து, சாகும்வரை கோமாத்ரி என்று வாக்குக் கொடுத்தவர்கள். கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், நெருப்பைச் சாட்சி வைத்த கோமாத்ரியோடு முகம் திருப்ப முடியாது.

"என்ன கோமாத்ரி," என்று அங்கிருந்தே கத்தினாள் இவொனெத்தி, "சாவ் பாவ்லோ மகாராணி உத்தரவு போடுறாங்களா?"

"ஆமா தியா, வரியும் போடப்போறேன். ரெண்டு பமோன்யா எடுத்து வைங்க," என்றாள் எட்வானியா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்தச் சிரிப்பும் இந்த 'தி'யும் இன்னும் அவளிடம் இருந்தன.

அம்மா தீப்பெட்டியை உள்பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அடுப்பில் சோளப் பாயசம் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜன்னலுக்கடியில் நின்று யாரிடமும் பேசாதே என்று மகளே சொல்லியிருந்தாள். பட்டாசும் பாட்டுமாகத் தெருவே வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்ததில் வீட்டு இணையம் அரை மணி முன்னால் படுத்துவிட்டது. எட்வானியாவின் போனில் சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டவில்லை. அதனால் அம்மாவின் போனை வாங்கி, அதிலிருந்து மடிக்கணினிக்கு இணையம் எடுத்து, சத்தத்தை அணைத்து, மேசையில் வைத்துக் கதவைப் பூட்டினாள்.

திரை விழித்தது. ஒத்தாவியோ, பக்கத்துச் சதுரத்தில் மருத்துவமனைக்காரி ஒருத்தி, முத்துத் தோடு, களைத்த கண்கள். கோவில் மணி அடித்தது. தெருவில் ஒவ்வொரு வாசலாக நெருப்பு பற்றும் ஓசை, குழந்தைகளின் கூச்சல். எட்வானியா வாயைத் திறந்தாள். சாவ் பாவ்லோ வெளியே வந்தது.

நன்றாகவே வந்தது. நோயாளியின் பெயர் இரண்டு முறை பதிவானால் எப்படி இணைப்பது என்று காட்டினாள். முத்துத் தோடு குனிந்து எதையோ குறித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு அதிசயம் நடந்தது: எதிர்வீட்டுப் பாட்டு நின்றது. பிறகு பக்கத்து வீட்டில், பிறகு தெருமுனையில். பட்டாசு ஓய்ந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. யோவானே எனக்காக இறங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அந்த அமைதிக்குள் அவள் குரல் வழுவழுவென்று ஓடியது.

அந்தத் தெருவில் பிறந்தவளுக்கு அந்த அமைதி என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். திருநாளன்று வாசலில் விறகு அடுக்கிவைத்தும் நெருப்பு வைக்காத வீடு, சாவு விழுந்த வீடு. அடுக்கும்போது உயிரோடு இருந்தவர் கொளுத்தும்போது இல்லை. தெரு அப்படித்தான் வாசிக்கும், வேறு மாதிரி வாசிக்க அதற்குத் தெரியாது. அந்த வீட்டுக்குப் பக்கத்தில் யாரும் பாட்டு வைக்க மாட்டார்கள். நம்பியவர்கள் நல்லவர்கள், அதுதான் கொடுமை.

வாசலில் வீட்டாரைக் கூப்பிட யாரோ கை தட்டும் சத்தம் கேட்டது. பின்கட்டிலிருந்து அம்மாவின் செருப்பு நடந்து வந்தது. கதவு திறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இவொனெத்தியின் குரல், அழுகையில் நனைந்து:

"கோமாத்ரி! என் தங்கமே! எங்கிட்டக்கூட சொல்லாம உள்ளாற கெடக்கியே! எப்படி நடந்துச்சு? வண்டியிலயா?"

அடுத்த நொடியில் அம்மாவின் தலைக்குள் என்ன ஓடியிருக்கும் என்று எட்வானியாவால் துல்லியமாக ஊகிக்க முடிந்தது. இவர்கள் எதையோ கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். போன் என்னிடம் இல்லை. எனக்கு மட்டும் சொல்லப்படவில்லை. வண்டி.

பிறகு அம்மா கத்தினாள். சொல் எதுவும் இல்லாத கத்தல். அதன் பின்னால்தான் பெயர் வந்தது. "ஜெனில்சன்!"

"என்ன சத்தம் அது?" என்று கேட்டான் ஒத்தாவியோ. மருத்துவமனைக்காரி புருவத்தைத் தூக்கினாள்.

கதவை முட்டினாள் அம்மா. "போனைக் குடுடி! எட்வானியா, போனைக் குடு!"

எழுந்து கதவைத் திறந்து, 'யாரும் சாகலம்மா, நீ நெருப்பு வைக்கல, அதான் வந்திருக்காங்க' என்று சொன்னால் முடிந்தது. அதற்கு ஒரு மூச்சுப் போதும். அதைச் சாவ் பாவ்லோ குரலில் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். திறந்தால் இவொனெத்தி உள்ளே விழுவாள், பின்னாலேயே தெரு. திரையில் அந்த இரண்டு சதுரங்களும் அழும் பெண்களை, புகையை, மெத்தையை எல்லாம் பார்க்கும்.

"பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி," என்றாள் எட்வானியா. "மன்னிச்சிடுங்க. தொடர் நாடகம் ஓடுற நேரம்."

முத்துத் தோடு சிரித்தது. "எங்க வீட்லயும் இதே கதைதான்."

அப்போது மேசையில் அம்மாவின் போன் ஒளிர்ந்தது. ஜெனில்சன். தலைக்கவசத்தோடு அவன் பல்லைக் காட்டி நிற்கும் படம். ஒவ்வொரு வருஷமும் அவன் இந்த நேரத்தில் தவறாமல் கூப்பிடுவான். பேச்செல்லாம் அப்புறம். முதலில் அம்மா போனை நெருப்புப் பக்கம் நீட்ட வேண்டும், விறகு வெடிக்கும் சத்தத்தை அவன் கேட்க வேண்டும். நடுரோட்டில் வண்டியை ஓரங்கட்டி நின்று கேட்பானாம்.

உயிரோடு இருக்கிறான். ஆனால் அழைப்பு வந்ததும் இணையம் திணறியது. திரையில் ஒத்தாவியோவின் வாய் திறந்தபடியே உறைந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா. மேசையில் அண்ணன். திரையில் அவள் வேலை.

சிவப்பு வட்டத்தைத் தொட்டாள். படம் மறைந்தது. ஒத்தாவியோவின் வாய் மூடியது.

"நாம எங்க விட்டோம்?" என்றான்.

"இணைக்கிற இடத்துல," என்று அவள் தொடர்ந்தாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பிறகு பயமுறுத்தியது. இரண்டு பெயர்களைத் தேர்ந்தெடுத்து, பழைய பதிவை நீக்கி, சரிபார்த்துக் காட்டினாள். கதவை முட்டுவது நின்றுவிட்டது. பல பெண்கள் ஒரே மூச்சில் செபம் சொல்லும் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. அதற்கு நடுவே அம்மாவின் குரல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே கேள்விகளுக்குப் பதில் சொன்னாள்.

மருத்துவமனைக்காரி போன பிறகு ஒத்தாவியோ மட்டும் இருந்தான். "பிரமாதம். அந்த இடம் உனக்குத்தான்னு நெனைச்சுக்கோ. ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியல, பாத்தியா?"

"எதை?" என்றாள் எட்வானியா.

அவன் சிரித்தான். அவள் மடிக்கணினியை மூடினாள்.

கூடத்தில் நிற்க இடமில்லை. யார் யாரோ காபிக் குடுவையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நடுவில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள், தலை இவொனெத்தியின் மடியில். பாயசம் கருகும் வாசனை வீடெங்கும் பரவியிருந்தது.

"யாரும் இறக்கவில்லை," என்றாள் எட்வானியா. "அண்ணன் நலமாக இருக்கிறான். அவன் அழைத்தான். தயவுசெய்து அழுவதை நிறுத்துங்கள், ச்சியா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வானொலிப் பெட்டி பேசினால் பார்ப்பதுபோல். அவளுக்கே காதில் விழுந்தது. நாக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

"எப்பக் கூப்டான்?" என்றாள் இவொனெத்தி. கண்ணைத் துடைக்காமலே கேட்டாள்.

எட்வானியா கையிலிருந்த போனைப் பார்த்தாள். அம்மா எழுந்து வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். அதில் விரலை ஓட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் மகன் படமும், பக்கத்தில் வெட்டுப்பட்ட அழைப்புக்கான சிவப்புக் குறியும் படிக்க எழுத்துத் தேவையில்லை.

"நான் கதவைத் தட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அம்மா..."

"முன்னாடியா, பின்னாடியாடி?"

"பின்னாடி." இப்போது ஊர்க் குரல் வந்தது. தேவைப்பட்டபோது வராதது.

அம்மா தலையை ஆட்டினாள், கடையில் இல்லை என்றதும் அடுத்த கடைக்குப் போகிறவள்போல. வாசலுக்கு நடந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். தெரு நெடுக வாசலுக்கு வாசல் நெருப்பு, பாட்டில்லாமல், ஆட்டமில்லாமல், எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டு வாசலில் மட்டும் அடுக்கிய விறகு கறுப்பாக நின்றது.

"கொளுத்திருவோம் கோமாத்ரி," என்றாள் இவொனெத்தி மெல்ல. "புள்ளைதான் நல்லா இருக்கானே. தீப்பெட்டியக் குடு."

அம்மா கொடுக்கவில்லை. எட்வானியா போய் அவள் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. தொடலாமா என்று தெரியவில்லை.

போன் ஒளிர்ந்தது. தலைக்கவசம், பல். அம்மா பச்சையைத் தொட்டதும் சாவ் பாவ்லோ வண்டிச் சத்தங்களுக்கு நடுவே அவன் குரல் பீறிட்டது: "எம்மோவ்! எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்? சரி சரி, பேசாத. மொதல்ல அதைக் கேக்க விடு. ஓரமா நிறுத்தியிருக்கேன். காட்டு."

தெரு முழுக்க அவனுக்குக் காட்ட நெருப்பு இருந்தது. நாலு எட்டு வைத்தால் இவொனெத்தியின் நெருப்பு. அம்மா எந்தப் பக்கமும் போகவில்லை. மகளைப் பார்க்கவுமில்லை. குனிந்து, கையை நீட்டி, போனைக் கொளுத்தாத விறகுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கலையேம்மா," என்றது போன். "இன்னும் கிட்ட."

அம்மா இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.