நான்கு பை மண்

1

இந்தக் கதை ஒரு பெரிய பொய்யிலிருந்து பிறந்தது என்று தொடங்க நினைத்தேன். அது அலட்டல். உண்மையில் ஒரு சோம்பேறித்தனத்திலிருந்து பிறந்தது. அதுவும் என்னுடையது.

அக்கா இரண்டு அறைகளில் ஒரு குழந்தைகள் காப்பகம் கட்டுகிறாள். நான்கு மூலைகளிலும் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டியாயிற்று. அடிமண் சுமை தாங்குமா என்று பார்க்க வேண்டிய இன்ஜினியரம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு. குழிக்குள் இறங்க முடியாது. "ஒவ்வொரு குழியோட அடியிலேருந்தும் ஒரு கட்டி மண்ணு எடுத்துட்டு வாங்க தம்பி. உடைச்சிடாதீங்க. தனித்தனிப் பையில போடுங்க. எந்த மூலைன்னு பை மேல அங்கேயே எழுதிடுங்க," என்றார்.

"எழுதுறதுதானே இவன் பொழப்பு," என்றாள் அக்கா. (இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். அன்று நானும் சிரித்தேன்.)

2

முதல் வரைவின் தொடக்கம்: "குழிக்குள் இறங்கியபோது ஈர மண்ணின் வாசனை அவனை

அந்த வரியை அங்கேயே விட்டுவிட்டேன். வாசனை எதுவும் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, கையில் பேனாவும் இல்லை. நான்கு பைகளையும் ஒரே சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, எந்தப் பை எந்த மூலை என்று ஞாபகத்திலிருந்து எழுதினேன்.

இன்ஜினியரம்மா ஒவ்வொரு கட்டியிலும் கட்டைவிரலை அழுத்தினார்.* மூன்றில் நகம் மட்டும்தான் பதிந்தது. நான்காவதில் விரல் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. உள்ளே ஒரு செங்கல் துண்டு. "இது யாரோ பள்ளத்தை மூடக் கொட்டின மண்ணு. இதுமேல கட்டினா அந்த மூலை மட்டும் உள்ள இறங்கும், சுவரு விரிஞ்சிடும்." பையைத் திருப்பினார். என் கையெழுத்து: பின்பக்கம், வலது. அந்தக் குழியை மட்டும் இன்னும் இரண்டடி தோண்டச் சொன்னார்.

* கதையாசிரியர்களுக்கும் இப்படி ஒரு கட்டைவிரல் இருந்தால் பாதிக் கதைகள் அச்சுக்கே போகாது.

3

கொத்தனார் என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது வரைவில் பைகளை மாற்றி வைத்தது அவர்தான். எனக்கு வசதியாக இருந்தது. கூடவே ஒரு குடிப்பழக்கமும் கொடுத்தேன். பாவம், அந்த மனுஷர் டீகூடக் குடிப்பதில்லை. நேற்று அவர்தான் பின்பக்க வலது குழியில் இரண்டடி தோண்டிவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "ஏம்மா, இங்க முதல் வெட்டுலேருந்தே கடப்பாரை எகிறுது. இந்த மண்ணையா சரியில்லைன்னு சொன்னாங்க?"

"அவங்க பார்த்துட்டுத்தான் சொல்லியிருக்காங்க. சொன்னபடி செய்ங்கண்ணே," என்றாள் அக்கா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பை மேல் வீட்டுக்கு வந்துதான் எழுதினேன் என்று சொல்லவில்லை. [இங்கே ஒரு மனப்போராட்டம் சேர்க்கலாம். வேண்டாம், நான் போராடவில்லை.] அவர்கள் சாப்பிடப் போனதும் மற்ற மூன்று குழிகளிலும் இறங்கிக் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன். மூன்றும் கல்லாக இருந்தன. அப்படியானால் அந்தச் செங்கல் துண்டு எங்கிருந்து வந்தது? பிறகுதான் ஞாபகம் வந்தது. திறந்து கிடக்கும் குழியில் மேல்மண் வெயிலில் காய்ந்து இறுகிவிடும், ஒரு சாண் சுரண்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று இன்ஜினியரம்மா முன்பே சொல்லியிருந்தார். நான் சுரண்டவில்லை. சுரண்டினால் தெரிந்துவிடும், தெரிந்தால் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

4

முடிவுகள்.

அ) ஐந்து வருடம் கழித்து, குழந்தைகள் மத்தியானம் தூங்கும் அறையில், ஜன்னலுக்கு மேலே ஒரு விரிசல். அக்கா சிமென்ட் பூசுகிறாள். அடுத்த மாதம் அதே இடத்தில்

(இதைத் தொடர எனக்குத் தைரியமில்லை.)

ஆ) ஒன்றுமே ஆகவில்லை. கட்டடம் நாற்பது வருடம் நிற்கிறது. நான் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் வரமாட்டேன்கிறாய் என்று அக்கா கோபித்துக்கொள்கிறாள்.

இதுதான் நல்ல முடிவு என்று நேற்றிரவுவரை நம்பினேன். காலையில் படித்துப் பார்த்தால், குழந்தைகளைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லை. முழுக்க நான்தான் இருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இ) சொல்லிவிடுகிறேன்.

இதற்குக் கீழே ஒரு மணி நேரமாக எதுவும் எழுத வரவில்லை. இப்போது மணி ஒன்பதே முக்கால். கான்கிரீட் லாரி பத்து மணிக்கு வரும்.

5

போன் செய்துவிட்டேன்.

"அக்கா, கான்கிரீட் போடாத. அந்தப் பை மேலெல்லாம் நான் வீட்டுக்கு வந்துதான் எழுதினேன். மாத்தி எழுதிட்டேன்."

"அப்ப எந்த மூலைடா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"மிச்ச மூணுல ஒண்ணு."

"லைன்லயே இரு," என்றாள். இருக்கிறேன். இடது கையில் போன், வலது கையில் பேனா. லாரி முன்னாடியே வந்துவிட்டது போலிருக்கிறது, இரைச்சல் கேட்கிறது. கலவை இறுகிவிடும், இப்போதே இறக்கியாக வேண்டும் என்று டிரைவர் கத்துகிறார். கொத்தனார் ஏதோ சொல்கிறார். அக்காவின் குரல் மட்டும் கேட்கவில்லை.

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதை நான் எழுதினால், எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். இதுவரை படித்ததில் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அந்த அறையில் மத்தியானம் தூங்கப்போவது உங்கள் குழந்தை என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.