இழவு வீட்டுக்குப் போன வெள்ளைக் கவுன்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியின் சுகாதார மலருக்கு, ‘தாதியர் சீருடையோடு வெளியே போகலாமா?’ என்று கட்டுரை கேட்டார்கள். ‘போகக் கூடாது’ என்று எழுதினேன். கட்டுரை முடிந்துவிட்டது. மூன்று பக்கம் வேண்டும் என்றார்கள். மீதியை நிரப்பப் போன இடத்தில் அகப்பட்டவள்தான் பரிமளம்.

2

முதல் தொடக்கம்: ‘திம்புள்ள மலைகளின் மேல் பனி மெல்ல இறங்கிய அந்தக் காலைப்பொழுதில்—’

(விட்டுவிட்டேன். பனி இறங்காத காலைப்பொழுது அங்கே எப்போது இருந்தது?)

இரண்டாவது: ‘பரிமளம் தன் சீருடையை உயிரினும் மேலாக—’

(பொய். கழுத்துப் பட்டி உறுத்துகிறது என்று தினமும் திட்டுவாள்.)

மூன்றாவது நிற்கிறது: 1959இல், இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் பரிமளம் நர்ஸ். அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வெள்ளைக் கவுன் போட்ட முதல் பெண். கவுனோடு கடைக்குப் போனால் முதலாளி ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். சேலையில் போனால் “என்னா வேணும்?” என்பார். ஆகவே கவுனோடுதான் போவாள். மனுஷிதானே.

டாக்டர் ஐயா முத்துலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். (டாக்டர் அல்ல, மருந்து கலக்கிக் கொடுப்பவர். தோட்டத்தில் வேறு டாக்டர் இல்லாததால் அவர்தான் டாக்டர்.) கடவுளுக்கு அடுத்தபடி சோப்பை நம்புகிறவர். லயங்களில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் பரவியதும் உத்தரவு போட்டார்.

“உடுப்பைக் கழட்டி வைச்சிட்டுத்தான் வீட்டை போக வேணும். அதோட வாசலைத் தாண்டப்படாது. விளங்குதே?”

“விளங்குதுங்க.”

அவர் சொன்னது சரி. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிவில் யாரும் அவரை வில்லனாக்க வேண்டாம். பரிமளமும் உத்தரவைத் தலைமேல் வைத்துக்கொண்டு சேலையில் வீட்டுக்குப் போனாள். முதலாளி அன்று ஸ்டூலைத் துடைக்கவில்லை.

3

கழற்றிப் போட்ட கவுனைத் தோட்டத்து டோபி வைரவன் எடுத்துப்போய் வெளுத்து வருவார்.*

* தோட்டத்தில் சாவு விழுந்தால் பாடைக்கு மேல் வெள்ளைத் துணியால் மேற்கட்டி பிடிப்பதும் டோபியின் கடமை. துணி அவருடையதல்ல, வெளுக்கப் போட்டவர்களுடையது. யாருடையது என்று கேட்பது மரியாதையில்லை. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் வேட்டி எத்தனை சாவுக்குப் போய் வந்திருக்கிறது என்பது கண்டாக்கையாவுக்குத் தெரியாது.

ராசம்மாவின் மகன் சோலைமலை, ஆறு வயது, அந்தக் காய்ச்சலில் வார்டில் இறந்துபோனான். பரிமளம் இழவு வீட்டுக்குச் சேலையில் போனாள். அங்கே பாடைக்கு மேலே அவளுடைய கவுன்.

(கவுனை நாலு கம்பில் கட்ட முடியுமா? முடியாது. இதற்காக ஒரு நாள் யோசித்தேன். நடுவில் கவுன், இரு பக்கமும் வேட்டி. கைகள் இரண்டும் கீழே தொங்கிக் கம்பு பிடித்தவர்கள் தலையில் தட்டிக்கொண்டிருந்தன.)

அவள் வைரவனை ஓரமாக இழுத்தாள்.

“வைரவண்ணே, இது வெளுத்ததா?”

“வெளுக்கலம்மா. ராசம்மாதான் அப்படியே வேணும்னு கேட்டுச்சு. வார்டுல புள்ள கடைசி வரைக்கும் இந்தக் கவுன் பையைத்தான் புடிச்சுக்கிட்டு கெடந்தானாம். அழுக்குத் துணிய மேல கட்டுனா என் தொழிலுக்கே அவமானம். ஆனா பெத்தவ கேக்குறா. நான் என்னா செய்ய?”

பையின் ஓரத்தில் அந்தப் பிடியின் சுருக்கம் அப்படியே இருந்தது. இறக்கச் சொல்ல வேண்டியது பரிமளத்தின் வேலை. அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் ராசம்மா கவுனை வாங்கித் தன் ஒற்றையறைக் காம்பராவில் விரித்தாள். துக்கத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அதன்மேல் படுத்துத் தூங்கின. அடுத்த வாரம் அவற்றில் இரண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தன. அதே காய்ச்சல், அதே வயிற்றோட்டம்.

4

“உம்மட உடுப்பு செத்த வீட்டில நிண்டதாமே?” என்றார் முத்துலிங்கம்.

“நின்னுச்சுங்க.”

“நீரும் நிண்டனீரோ?”

“நின்னேங்க.”

“அப்ப உடுப்போட போயிருக்கிறீர்.”

“இல்லீங்க. நானும் போனேன், கவுனும் போச்சு. சேந்து போகலீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மாட்டிய பிறகும் பதில் அதேதான்.

“ஆர் கொண்டு போனது? பேரைச் சொல்லும். இல்லையெண்டால் உமக்குத்தான் பத்துச்சீட்டு.”

பத்துச்சீட்டு கிடைத்தால் வேலையும் போகும், குடியிருக்கும் காம்பராவும் போகும். அது பரிமளத்துக்குப் பயம்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வைரவன் என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் ராசம்மா என்பார். அவளைக் கூப்பிட்டு, உன் பிள்ளையின் நினைவாக நீ விரித்த துணி ஊரார் பிள்ளைகளுக்கு நோய் கொடுத்தது என்பார்கள். இதை மட்டும் ராசம்மா கேட்கக் கூடாது.

5

முடிவு, ஒன்று: ‘நான்தாங்க கொண்டு போனேன்’ என்கிறாள் பரிமளம். பெட்டியோடு தோட்டத்தை விட்டு இறங்குகிறாள். வாசகர் கண் கலங்குகிறார். (கலங்கட்டும். ஆனால் பரிமளம் எனக்கு அப்படியொரு தியாகியாகத் தெரியவில்லை. கடை ஸ்டூலை விட்டுக்கொடுக்கவே மனசில்லாதவள்.)

இரண்டு: வைரவனுக்குப் பத்துச்சீட்டு. இது தடையில்லாமல் ஓடியது. பழி எப்போதும் ஓடுகிற திசைதான். அதனாலேயே கிழித்தேன்.

மூன்று: பரிமளம் வாய் திறப்பதற்குள் ராசம்மா உள்ளே வந்துவிடுகிறாள். வார்டில் விட்டுப்போன கோப்பையை வாங்க வந்தவள், வெளி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இதை நான் திட்டமிடவில்லை. அவளை வெளியே உட்கார வைத்ததுகூட எனக்கு ஞாபகமில்லை.

“நான்தாங்க கேட்டு வாங்குனேன். அவங்க ரெண்டு பேர் மேலயும் குத்தமில்லீங்க.”

முத்துலிங்கத்தின் பக்கம் திரும்புகிறாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஐயா. அந்தப் புள்ளைங்களுக்கு வந்தது என் புள்ள புடிச்ச துணியாலயா?”

சரியான பதில் ‘இருக்கலாம்’ என்பது. லயத்துக்குக் குடிக்க வரும் பீலித் தண்ணீராலும் இருக்கலாம். முத்துலிங்கம் பொய் சொல்லிப் பழகாதவர். மேசையிலிருந்த சோப்பைப் பார்க்கிறார். வேறெங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். பரிமளம் என்னைப் பார்க்கிறாள்.

என்னால் முடியவில்லை. உங்களுக்குச் சுகாதாரம் தெரியும். இவ்வளவு தூரம் படித்துமிருக்கிறீர்கள். ராசம்மா கோப்பையோடு நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள், அவள் முகத்தைப் பார்த்து.